நாற்பத்தாறாம் வயதில் ஏறிய மரம்

பத்தொன்பது ஆண்டுகள் ரியாத் நகரில் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்த்துவிட்டு, 2021-ஆம் ஆண்டு ‘எக்ஸிட்’ முத்திரையோடு செங்கல்பட்டுக்குத் திரும்பினேன். கையிலிருந்த சேமிப்பு மூத்த மகளின் நிக்காஹ்வோடு கரைந்தது. கைப்பேசி உதிரிப் பொருள் கடையொன்று வைத்துப் பதினோரு மாதத்தில் மூடினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வேலை கேட்டுச் சென்ற இடங்களிலெல்லாம் முதலில் வயதைத்தான் கேட்டார்கள்.

2022 டிசம்பர் 9 இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறத் தொடங்கியது. மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகக் காற்று. 2016-இல் வந்த வர்தாவோடு ஒப்பிட்டால் சிறியதுதான். ஆயினும் மழையில் ஊறிய மண்ணில் நின்ற மரங்களுக்கு அதுவே போதுமானதாயிற்று. சதுரங்கப்பட்டினத்தில் என் மனைவியின் தமக்கை வீட்டு ஓட்டின்மேல் தூங்குமூஞ்சி மரத்தின் பெருங்கிளையொன்று சாய்ந்து கிடப்பதாகச் செய்தி வர, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே அறுபதைக் கடந்த பெரியவர் ஒருவர், இளமையில் தென்னை ஏறியவர், இரண்டு கயிறும் ஒரு கைரம்பமுமாக நின்றிருந்தார். கயிறு பிடிக்க வேண்டிய ஆள் வரவில்லை. “தம்பி, இந்த முனையைப் பிடிக்கிறீங்களா?” என்றார். பிடித்தேன். லுஹர் நேரத்துக்குள் அந்தக் கிளை துண்டு துண்டாகத் தரைக்கு வந்தது. மேற்கொண்டு ஓர் ஓடுகூட உடையவில்லை. மறுவாரம் அவருடைய வீட்டைத் தேடிச் சென்று, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரித்தார். ஆனால் மறுக்கவில்லை.

ஆறு மாதம் என்னை மரத்தில் கால் வைக்க விடவில்லை. கயிற்றை அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டால் பாரத்தை மரமே தாங்கிக்கொள்ளும். கையில் சுற்றிக்கொண்டவன் விரலை இழப்பான். ஏறுமுன் கதண்டுக் கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளைகளுக்கிடையே மின்கம்பி ஓடினால், மின்வாரியத்திலிருந்து ஆள் வந்து இணைப்பைத் துண்டிக்கும்வரை கீழேயே உட்கார்ந்திருக்க வேண்டும், கூலி போனாலும் சரி. அரசு நிலத்து மரமென்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதியின்றித் தொடக்கூடாது. கிடங்கில் கணக்கெழுதிய எனக்கு இந்த ஒழுங்குகள் பிடித்திருந்தன என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ!

வீட்டில் நிலைமை வேறு. மரம் அறுக்கும் மெஷின் வாங்கலாம் என்று மனைவியிடம் வளையல்களைக் கேட்டபோது, அடகு வைக்கக் கழற்றித் தந்தாள். ஆனால் இடுப்புப் பட்டையும் கயிறும் தலைக்கவசமும்தான் முதலில் வாங்க வேண்டும் என்றாள். “மெஷின் இல்லாமலும் பிழைக்கலாம். நீங்கள் இல்லாமல் நாங்கள் எப்படிப் பிழைப்பது?” என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் இறங்கியவுடன் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும் என்பது அவளுடைய இன்னொரு நிபந்தனை. என் மகனோ, அத்தா காண்டிராக்ட் எடுத்துச் செய்கிறார் என்று நண்பர்களிடம் சொல்லி வந்தான். நான் திருத்தவில்லை. சவூதியிலிருந்து வெள்ளைச் சட்டையோடு வந்திறங்கும் அத்தாவையே பார்த்து வளர்ந்தவன் அவன்.

முதன்முதலாக நான் அறுத்தது ஒரு வேப்பங்கிளை. மேலிருந்து மட்டும் அறுத்தேன். பாதி அறுபடுவதற்குள் கிளை தன் பாரத்தாலேயே ஒடிந்து, அடிமரப் பட்டையை இரண்டு முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழுந்தது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மறுகிளையில் அவரே செய்து காட்டினார்: முதலில் சற்றுத் தள்ளி அடிப்பக்கத்தில் ஒரு வெட்டு, அதற்கும் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, பாரம் இறங்கிய பிறகு, மிஞ்சிய முண்டை அடிமரத்தருகே மூன்றாவதாக ஒரு வெட்டு. கிளை புறப்படும் இடத்தில் வளையல் போலப் புடைத்திருக்குமே, அதைத் தொடக்கூடாது. அந்தப் புடைப்பிலிருந்துதான் புதுப்பட்டை வளர்ந்து காயத்தை மூடுகிறது.

பின்னர் என் மைத்துனன் மகன் ஒரு செய்தியைப் படித்துச் சொன்னான். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்னும் அறிஞர், ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்தாராம். நம் உடற்புண் ஆறுவதைப்போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. அழுகலைச் சுற்றி உள்ளுக்குள் மதில் எழுப்பி, அதற்கு வெளியே புதுமரத்தை வளர்த்துக்கொள்கிறது என்று அவர் கண்டாராம். பெரியவரிடம் சொன்னேன். “அதைத்தானே நானும் சொன்னேன்” என்றார்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். முதல் ஆண்டு ரமளானில் கையில் காசில்லை. கோவளத்துக்குத் தெற்கே ஒரு வீட்டுக்காரர், காற்றுக்குப் பயமாயிருக்கிறது, வாசல் வேம்பை மொட்டையடித்துவிடுங்கள் என்றார். பெரியவர் வேண்டாமென்றார். நான் தனியாகப் போய் அடித்துவிட்டு வந்தேன். பெருநாளைக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுத்தேன். மொட்டையடித்த மரம் வெட்டுவாயெல்லாம் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். பார்ப்பதற்குச் செழிப்பாகத் தோன்றும். அந்தத் துளிர்கள் மேல்தோலில் ஒட்டிக்கொண்டிருப்பவை. கிளையாகத் தடித்தபின் அவைதாம் காற்றில் எளிதாகப் பிய்ந்து விழும். உள்ளேயோ வெட்டுவாய் வழியாக அழுகல் இறங்கும். அந்த வீதி வழியே செல்லும்போது இன்றும் நான் வண்டியை விரைவாக ஓட்டிவிடுவேன்.

இப்போது பெரியவர் ஏறுவதில்லை. கீழே நாற்காலியிலிருந்து அதட்டுவார். மாதம் எட்டு, பத்து வேலைகள் வருகின்றன. மழைக்காலத்துக்கு முன் இன்னும் கூடுதலாக வரும். வளையல்களை மீட்டாயிற்று.

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்ததும் எங்கள் ஜமாஅத்தார் என்னை அழைத்தார்கள். அடக்கத்தலத்தில் நிற்கும் பழைய வாகை மரத்தின் ஒரு பக்கம் பொந்து விழுந்திருக்கிறது. அடியோடு வெட்டிவிட வேண்டும் என்று சிலரும், இருக்கட்டும் என்று சிலரும் வாதிட்டார்கள். மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டிப் பார்த்தேன். ஒருபுறம் பறை போல ஒலித்தது. மூன்று புறமும் கெட்டி. பொந்து விழுந்த மரமெல்லாம் விழும் மரமல்ல. அடையாற்று ஆலமரம் 1989-இல் புயலில் நடு அடிமரத்தையே இழந்தது. விழுதுகளால் அது இன்றும் நிற்கிறது. வாகைக்கு விழுதில்லைதான். ஆனால் ஜனாஸா கொண்டுவரும் பாதையின் மேல் நீண்டிருக்கும் இரண்டு கிளைகளின் பாரத்தைக் குறைத்தால் போதும் என்றேன். நீண்ட நேரம் பேசிவிட்டு ஒப்புக்கொண்டார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏறுகிறேன். கயிறு பிடிக்க மகன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். மனைவி இம்முறை தொலைபேசி நிபந்தனையைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் கிளைகளை எப்படி இறக்கப் போகிறேன் என்று மட்டும் இரண்டு முறை கேட்டாள். அவளுடைய அத்தாவின் கபுரு அந்த மரத்தடியில்தான் இருக்கிறது.