சூரியனார்கோயில் வழியில் ஒரு சிவப்பு விளக்கு

காவிரிக் கரை நவக்கிரகத் தலங்களுள் கதிரவனுக்கு உரியது சூரியனார்கோயில். முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தில் எழுந்த இத்திருக்கோயிலைக் கல்வெட்டு, குலோத்துங்கசோழ மார்த்தாண்டாலயம் எனக் குறிக்கிறது. நடுவே சூரிய பகவான் தேவியருடன் எழுந்தருள, மற்றக் கோள்கள் தனித்தனிச் சந்நிதிகளில் சூழ்ந்து நிற்கின்றன.

கண்புரை நீங்கிப் பார்வை தெளிந்த சென்னை மூதாட்டி ஒருவர், இங்கே சர்க்கரைப் பொங்கல் நிவேதிப்பதாக நேர்ந்துகொண்டிருந்தார். ஒரு ஞாயிறன்று விடியுமுன் மகன், மருமகளுடன் காரில் புறப்பட்டார்.

விக்கிரவாண்டி தாண்டியதும் முகப்பு விளக்குகள் மங்கின; பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. வழியில் ஒரு கடை திறக்கும்வரை காத்திருந்து, மகன் புதிய பேட்டரி மாற்றினார். சிவப்பு விளக்கு அணையவில்லை. தானே சரியாகும் என்று வண்டியைச் செலுத்தினார். கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கட்டப்பட்ட அணைக்கரையைக் கடந்து, திருப்பனந்தாளில் கார் நின்றேவிட்டது. நடை சாத்த ஒரு மணி நேரமே இருந்தது.

அவ்வூர் எலக்ட்ரீஷியன் வேறொரு பேட்டரியை இணைத்து என்ஜினை இயக்கி, மீட்டர் வைத்துப் பார்த்தார். ஏறத்தாழ 14 வோல்ட் காட்டவேண்டிய இடத்தில் 12க்கும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பெல்ட் இறுக்கமாக இருந்தது, ஒயர்களிலும் குறையில்லை.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார். அதுக்கு சார்ஜ் கொடுக்கிற ஆல்டர்னேட்டர் போயிடுச்சு."

நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றிவிட்டு, பெல்ட்டைத் தளர்த்தி அதை வெளியே எடுத்தார். உள்ளே கார்பன் பிரஷ்கள் தேய்ந்து தீர்ந்திருந்தன. அவை உரசும் செப்பு வளையங்களிலும் பள்ளம் விழுந்திருந்தது. பிரஷ் மட்டும் மாற்றிப் பயனில்லை. பொருத்தமான வேறொன்று கும்பகோணத்திலிருந்து வரவேண்டும்.

"விளக்கு எரிஞ்சப்பவே கவனிச்சிருக்கணும்மா. உங்க வேண்டுதலைக் கெடுத்துட்டேன்" என்று மகன் கலங்கினார்.

"சூரியன் எங்கேப்பா போயிடப் போறார்? சாயங்காலமும் அவர்தானே" என்றார் தாயார். பல ஆண்டுகளாகப் பிறர் படிக்கக் கேட்டுவந்த ஆதித்ய ஹ்ருதயத்தைப் பையிலிருந்து எடுத்து, பட்டறை நிழலில் அமர்ந்து, தாமே வரி பிசகாமல் படித்தார். மகன் அருகில் நின்று கேட்டார்.

மாலை நான்கு மணிக்கு மீட்டர் 14.1 காட்டியது, சிவப்பு விளக்கு அணைந்தது. மரபுப்படி முதலில் திருமங்கலக்குடி சென்று பிராணநாதரையும் மங்களாம்பிகையையும் வணங்கினர். பிறகு சூரியனார்கோயிலில் பொங்கல் நிவேதனமாயிற்று.

சேமிப்பு எவ்வளவு இருந்தாலும் வரவு நின்றால் ஒருநாள் தீரும். பேட்டரி சேமிப்பு, ஆல்டர்னேட்டர் வரவு. சந்திரனும் கதிரவனிடம் பெற்ற ஒளியையே தருகிறான். மூலத்தை நாடாமல் இருப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை என்பதை அந்தச் சிவப்பு விளக்கு உணர்த்திற்று.

ஆடுதுறையிலிருந்து சுமார் 3 கி.மீ. தொலைவில் உள்ளது சூரியனார்கோயில். செல்வோர் திருமங்கலக்குடியை முதலில் தரிசிக்க மறவாதிருக்க.