பால் மாறாத கதிர்

ஜூலை வெயில். தென் இங்கிலாந்தின் டார்செட்டில், பாட்டில்புஷ் டவுன் என்கிற மேட்டு நிலம். ரோமானியர் போட்ட ஆக்லிங் டைக் சாலை, புல் மூடிய கரையாக வயல் நடுவே முதுகு தூக்கிக் கிடக்கிறது. அதன்மேல் நின்றால் சுற்றிலும் பார்லி. எங்கோ உச்சியில் ஒரு வானம்பாடி. ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் கொட்டுகிறது.

வயலோரம் ஒரு டிராக்டர். அதன் நிழலில் உட்கார்ந்து ஃப்ளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொள்கிறார் ஒருவர். ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

இந்த வயல்களின் ஊடே ஓடியது டார்செட் கர்ஸஸ். இரண்டு மண்கரைகள், ஒவ்வொன்றுக்கும் வெளிப்புறம் ஓர் அகழி, நடுவே ஏறத்தாழ 100 மீட்டர் வெளி, நீளம் 10 கிலோமீட்டர். கி.மு. 3300 வாக்கில், உலோகம் அறியாத கைகள் வெட்டியது. இங்கே நின்றால், டிசம்பரின் மிகக் குறுகிய பகல் முடிகையில், எதிரேயுள்ள கஸ்ஸேஜ் குன்றின் ஈமமேட்டுக்குப் பின்னால் சூரியன் இறங்கும். ‘கர்ஸஸ்’ என்றால் லத்தீனில் பந்தயத் தடம். ஸ்டோன்ஹெஞ்ச் அருகே இதே மாதிரி ஒன்றைப் பார்த்து, ரோமானியர் தேரோட்டிய களம் என்று 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஸ்டூக்லி நினைத்ததால் ஒட்டிய பெயர். ரோமானியர் செய்ததோ, டார்செட் கர்ஸஸைக் குறுக்கே வெட்டிச் சாலை போட்டது.

பழைய ஏர்கள் கரைகளைக் கொஞ்சம் தின்றன. ஆடு மேய்ந்த இடங்களில் கரை பிழைத்தது. பிறகு இரண்டாம் உலகப் போர், உணவுத் தட்டுப்பாடு, உழவு மானியம், டிராக்டர். பசிக்கு உழுதவர்களை என்ன சொல்ல? தென்மேற்கே திக்தார்ன் டவுன் முனையில் கரை இன்னும் கரையாகத் தெரிகிறது.

தேநீர் குடித்தவர் எழுந்து பயிருக்குள் நடக்கிறார். ஒரு கதிரைக் கசக்கி, மணியைப் பல்லில் வைத்துக் கடிக்கிறார். ‘கடக்’. முற்றிவிட்டது. இந்த மண் அப்படி. ஒரு சாணுக்குக் கீழே சீமைச்சுண்ணாம்புப் பாறை, மழை பெய்தால் நிற்பதில்லை. இன்னும் சில அடி போகிறார். அங்கே பயிர் ஒரு விரற்கடை கூடுதல் உயரம், நிறம் பச்சை. அந்தப் பச்சை வலமும் இடமும் நேர்கோடாய் ஓடுகிறது. தூர்ந்த அகழியில் மண் ஆழம், ஈரம் தங்கும். 1920களில் ஓ.ஜி.எஸ். க்ராஃபோர்டு விமானத்திலிருந்து படமெடுத்துத் தேடியது இத்தகைய கோடுகளைத்தான்.

இன்னொரு கதிர். கடிக்கிறார். பால் கசிகிறது. துப்பிவிட்டு, விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்கிறார்.

இன்றைக்கு அறுவடை இல்லை. டிராக்டர் கிளம்பிவிட்டது.