லா பாஸ்: முத்துக் குளித்த ஊரும் அதன் பாலைத் தீவுகளும்

மெக்சிகோவின் வடமேற்கில் பாஹா கலிஃபோர்னியா என்ற நீண்ட தீபகற்பம் இருக்கிறது. அதன் தென்கோடிக்குச் சற்று மேலே, கிழக்குக் கரையில் அமைந்த ஊர் லா பாஸ். பாஹா கலிஃபோர்னியா சுர் மாநிலத்தின் தலைநகர் இதுவே. மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டரை லட்சம். ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைத் தொடுவதே அரிது. ஊரைத் தாண்டினால் கார்தோன் என்னும் ஆளுயரத்தைப் பலமுறை மிஞ்சும் கள்ளிகளும் முட்புதர்களும்தான். நிலம் இப்படி வறண்டிருக்க, எதிரே கிடக்கும் கலிஃபோர்னியா வளைகுடாவோ உலகின் வளமான கடல்களுள் ஒன்று. கோடை மாலைகளில் பசிபிக் பக்கத்திலிருந்து தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து ஒரு குளிர்காற்று வரும். கொரொமுவெல் என்று ஊரார் அழைக்கும் அந்தக் காற்று எழுந்த பிறகே கடற்கரைச் சாலையில் ஆள் நடமாட்டம் தொடங்கும்.

1535இல் எர்னான் கோர்தெஸ் இங்கே இறங்கினார். 1596இல் செபாஸ்தியான் விஸ்கயீனோ இன்றைய பெயரை வைத்தார். 1720இல் இயேசு சபையார் மிஷன் அமைத்தனர். 1830இல் ஊர் தலைநகரானது. அதற்குள் பெரிக்கூ, குவாய்க்கூரா ஆகிய பழங்குடிகள் வந்தவர்களின் நோய்களாலும் மோதல்களாலும் பெரும்பாலும் அழிந்துபோயினர்.

வந்தவர்களை எல்லாம் இழுத்தது முத்து. இங்குள்ள மாத்ரெபெர்லா என்ற சிப்பி, கருமை கலந்த சாம்பல் நிறத்திலும் பச்சை ஒளியோடும் முத்துகளைத் தந்தது. வளைகுடாவின் மறுகரையிலிருந்து யாக்கி இன மக்கள் மூழ்குவதற்காகக் கொண்டுவரப்பட்டனர். மூச்சடக்கி மூழ்கிய காலம் வரை ஆழக்கடல் சிப்பிகள் தப்பித்தன. 1870களில் காற்றுக்குழாய் பொருத்திய மூழ்கு உடை வந்ததும் அந்தப் பாதுகாப்பும் போயிற்று. கடலைப் பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் எடுக்கும்போது மற்றவற்றுக்கு ஓய்வு தரவேண்டும் என்ற விதி 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே எழுதப்பட்டிருந்தது. பின்னர் பெரிய கம்பெனிகளுக்குக் குத்தகை தரப்பட்டபோது அந்த விதியைக் கேட்பாரில்லை. முத்தைவிடச் சிப்பி ஓட்டுக்கே கிராக்கி அதிகம். ஐரோப்பாவின் சட்டைப் பொத்தான்களுக்காக அது கப்பல் கப்பலாகப் போனது.

இந்தக் கதையில் ஊர் பெருமைப்படத்தக்க மனிதர் காஸ்தோன் வீவெஸ். சிப்பி அருகி வருவதைக் கண்டு, அதை வளர்த்தே எடுக்கலாம் என்று துணிந்தவர் அவர். 1900களின் தொடக்கத்தில் எஸ்பீரிட்டு சாந்தோ தீவின் சான் காப்ரியேல் விரிகுடாவில் ஒரு பண்ணை அமைத்தார். கடலில் பெட்டிகளை இறக்கிச் சிப்பிக் குஞ்சுகள் ஒட்டச் செய்வார்கள். பிறகு அவற்றை எடுத்து, உப்பங்கழியில் கல்சுவர் எழுப்பி வகுத்த வாய்க்கால்களில் வைப்பார்கள். ஓதம் ஏறி இறங்கும்போது வாய்க்கால் நீர் தானாகவே மாறும். ஓரளவு வளர்ந்த சிப்பிகளைப் பகைப் பிராணிகள் தின்றுவிடாதபடி காப்பிட்டு மீண்டும் கடலடியில் பரப்புவார்கள். முத்துச்சிப்பியைப் பெருமளவில் வளர்த்துக் காட்டிய முன்னோடிப் பண்ணைகளுள் இதற்கு முதல் வரிசையில் இடமுண்டு. 1914இல், மெக்சிகோ புரட்சியின் குழப்பத்தில், ஆயுதமேந்திய கூட்டம் பண்ணையைச் சூறையாடியது. அது மறுபடி எழவே இல்லை. தாழ் ஓதத்தில் சான் காப்ரியேலுக்குப் போனால், கண்டல் மரங்களின் ஓரத்தில் அந்தக் கல்சுவர்களின் வரிசை இன்றும் தெரியும். தீவுக்கு வரும் படகுகளில் பல அங்கே நிற்பதுகூட இல்லை.

கடலில் இயற்கையாக வளர்ந்த சிப்பியும் நெடுநாள் தாங்கவில்லை. 1940ஐ ஒட்டி அது ஏறக்குறைய இல்லாமலேயே போய், அரசு தடை விதித்தது. அதே 1940இல் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், உயிரியலாளர் எட் ரிக்கெட்ஸுடன் இந்தக் கரைகளில் கடலுயிர் சேகரித்துக்கொண்டு வந்தார். லா பாஸில் கேட்ட ஒரு கதையே அவருடைய ‘தி பெர்ல்’ நாவலுக்கு வித்து. ஊர் உலகுக்கு அறிமுகமானபோது அதன் முத்து முடிந்துபோயிருந்தது.

எஞ்சியவை தீவுகள். லா பாஸுக்கு வடக்கே எஸ்பீரிட்டு சாந்தோவும், குறுகிய நீர்வழியால் அதிலிருந்து பிரிந்த பார்த்திதாவும் உள்ளன. எரிமலைச் சாம்பல் இறுகிய இளஞ்சிவப்புப் பாறையும் கரிய எரிமலைக் குழம்புப் பாறையும் அடுக்கடுக்காகக் கிழக்கே உயர்ந்து மேற்கே சரிகின்றன. அதனால் கிழக்கு முழுதும் செங்குத்துப் பாறை. மேற்கு முழுதும் விரல்கள்போல் நீளும் முனைகளும் அவற்றுக்கிடையே வெண்மணல் விரிகுடாக்களும். பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது நிலத்தோடு தொடர்பு அறுந்ததால், இங்கு அகப்பட்ட உயிர்கள் தனிவழியில் மாறின. உலகில் வேறெங்கும் இல்லாத கருமுயல் எஸ்பீரிட்டு சாந்தோவில் வாழ்கிறது. வெளிறிய பாலை நிலத்தில் ஒரு முயல் ஏன் கருத்தது என்பதற்கு அறிவியலாளரிடையே ஒருமித்த விடை இல்லை.

வளைகுடாத் தீவுகளை அரசு 1978இல் காப்பிடமாக்கியது. ஆனால் எஸ்பீரிட்டு சாந்தோ ஒரு கிராமப் பொதுநிலக் கூட்டமைப்பின் உடைமையாகவே இருந்தது. விடுதிகள் எழும் அபாயம் வந்தபோது இயற்கை ஆர்வலர் அமைப்புகள் பணம் திரட்டித் தீவை விலைக்கு வாங்கி, 2003இல் நாட்டுக்கே அளித்துவிட்டன. 2005இல் வளைகுடாத் தீவுகள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. 2007இல் எஸ்பீரிட்டு சாந்தோவைச் சூழ்ந்த கடல் தேசியப் பூங்காவானது.

போகிறவர்கள் பங்கா என்ற திறந்த ஃபைபர் படகில், ஊரிலிருந்தோ டெகொலோட்டே கடற்கரையிலிருந்தோ கிளம்புகிறார்கள். பூங்காக் கட்டணம் செலுத்திக் கைப்பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். சிப்பி ஓடு, கல் எதையும் எடுக்கக் கூடாது; கொண்டுபோன குப்பை திரும்பி வரவேண்டும். வடக்குக் காற்று வீசும் குளிர்கால நாள்களில் துறைமுகத்தார் பயணத்தை நிறுத்திவிடுவதும் உண்டு.

பார்த்திதாவின் வடமுனைக்கு அப்பால் லோஸ் இஸ்லோட்டெஸ். எச்சத்தால் வெளுத்த இரண்டு பாறைகள். ஒன்றில் இயற்கையான வளைவு. இங்கே நூற்றுக்கணக்கான கடல் சிங்கங்கள் வாழ்கின்றன. படகு நெருங்குமுன்னே குரைப்புச் சத்தமும் மீன்வாடையும் எட்டும். நீரில் இறங்கியவரிடம் முதலில் வருபவை குட்டிகள்: முகத்துக்கு நேரே பாய்ந்து, கடைசி நொடியில் திரும்பி, கால் துடுப்பின் நுனியைக் கடித்துப் பார்க்கும். தன் எல்லையில் ரோந்து சுற்றும் ஆணிடமிருந்து ஆள்தான் விலகிக்கொள்ள வேண்டும். குட்டி ஈனும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே நீந்தத் தடை. வளைகுடாவின் மற்றக் குடியிருப்புகள் பலவற்றில் கடல் சிங்கங்கள் குறைந்துவந்த ஆண்டுகளில் இங்கே மட்டும் கூடின.

குளிர்காலத்தில் எல் மொகோட்டே மணல்திட்டை ஒட்டித் திமிங்கலச் சுறாக்கள் மிதவையுயிர் வடிகட்டித் தின்ன வருகின்றன. ஒரே நேரத்தில் எத்தனை படகு என்பதற்கு வரம்புண்டு. சுறாக்கள் போதிய எண்ணிக்கையில் இல்லாத பருவத்தில் அனுமதியே கிடையாது. கொம்புத் திருக்கைகள் கூட்டமாக நீரைவிட்டு எம்பிக் குதிப்பதையும், கண்டலில் போர்க்கப்பல் பறவைகள் கூடு கட்டுவதையும் காணலாம். வடகிழக்கே எல் பாஹோ என்ற கடலடிக் குன்றில் மட்டும் காட்சி வேறு. 1980களில் கொம்பன் சுறாக்கள் நூற்றுக்கணக்கில் அங்கே சுழன்றன. ஆய்வாளர்கள் அவற்றைத் தேடி வந்தனர். வலையும் தூண்டிலும் அவற்றைத் தீர்த்துவிட்டன.

ஊர் இவ்வளவு பாடுபட்டுக் காத்ததை ஊரே இப்போது கெடுக்கவிடுகிறது. பலாண்ட்ரா கடற்கரைக்கு ஒரு வேளைக்கு 450 பேர் என்று எண்ணி அனுப்புகிறார்கள். அதன் அருகே பிச்சிலிங்கே துறைமுகத்திலோ ஒரே கப்பலில் ஆயிரக்கணக்கானவர்களை இறக்குகிறார்கள். கப்பல் வேண்டாம் என்று ஊரார் தெருவில் நின்றும் பயனில்லை. வீட்டுக் குழாயில் முறைவைத்துத்தான் தண்ணீர் வருகிறது. நிலத்தடி நீரில் உப்பேறிவிட்டது. இந்த நிலையிலும் எல் மொகோட்டேயின் கண்டல் ஓரத்தில் கோல்ஃப் மைதானத்துக்கு இடம் கிடைத்தது. கடல் சிங்கங்களின் கழுத்தில் மீன்வலை இறுகிக் கிடப்பதும், மருத்துவர்கள் மயக்க ஊசி போட்டு அறுத்தெடுப்பதும் தொடர்கின்றன. எல் மங்லீட்டோ மீனவக் குடியிருப்பின் பெண்கள் திருட்டுச் சிப்பி எடுப்பவர்களைத் தாங்களே காவல் நின்று விரட்டி, அங்குள்ள உப்பங்கழியை மீட்டிருக்கிறார்கள். அது அவர்கள் செய்ய வேண்டிய வேலை அல்ல. ரோந்துப் படகுக்குப் பெட்ரோலும் ஆளும் தரவேண்டியவர்கள் செய்ய வேண்டியது. கைப்பட்டைக் கட்டணமாக ஆண்டுக்கு எவ்வளவு சேர்கிறது, அதில் எவ்வளவு இந்தத் தீவுகளின் காவலுக்கே திரும்பி வருகிறது என்ற கணக்கைக் கடற்கரைச் சாலையில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டிவைப்பதுகூட நடக்கவில்லை.