நாலு மாதக் கணக்கு

கதை எழுதுகிறவனிடம் ஊரார் கேட்கும் உதவிகள் கொஞ்சமல்ல. கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம், பள்ளி ஆண்டு விழாவுக்கு வரவேற்புரை எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால், "நம்புற மாதிரி ஒரு பொய் எழுதிக் குடுங்க, மாமா" என்று நேராகவே கேட்டவள், விருதுநகரில் எங்கள் தெரு நண்பரின் மகள் ஒருத்திதான்.

இது 2021இல் நடந்தது. சிவகாசியில் ஒரு பயர் ஆபீஸில் கணக்கு எழுதி வந்தவள் அவள். பட்டாசு ஆலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். மதுரையில் ஒரு கம்பெனி நேர்முகத்தில், "2018 நவம்பரிலிருந்து 2019 மார்ச் வரை எங்கே வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். பதறிப்போய், "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டாள். என்ன நோய், குணமாகிவிட்டதா என்று அடுத்த கேள்வி வந்தது. வேலை வரவில்லை.

நோய் வந்தது அவளுக்கல்ல, ஊர்ப் பிழைப்புக்கு. சரவெடி கூடாது, பேரியம் நைட்ரேட் கூடாது, பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம் என்று 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்கு டில்லிக் குழந்தைகளின் பெயரில் வந்தது. அவர்களுடைய நுரையீரலும் நுரையீரல்தான், மறுக்கவில்லை. ஆனால் பேரியம் இல்லாமல் மத்தாப்பில் பச்சை நிறம் ஏது? தீபாவளி முடிந்ததும் ஆலைகளைப் பூட்டினார்கள். மழைக்கும் பண்டிகைக்கும் சில நாள் பூட்டுவது இங்கே வழக்கந்தான். இந்தப் பூட்டோ பொங்கலுக்கும் திறக்கவில்லை. மார்ச்சில்தான் திறந்தார்கள்.

"சரி, அந்த நாலு மாதமும் என்னம்மா செய்தாய்?"

"சும்மாதான் இருந்தேன், மாமா. டிசம்பர் கடைசி வரைக்கும் அச்சாபீஸில் காலண்டர்த் தாள் அடுக்கப் போனேன். அப்புறம் அம்மாவோட மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதினேன். பாதிப் பேருக்குத் தவணை கட்ட முடியலே. யாருக்கு எவ்வளவு பாக்கின்னு பட்டியல் போட்டு, பேங்க்கில் பேசிக் கெடு வாங்கினேன்."

"இதுவா சும்மா?"

"சம்பளம் வரலையே!"

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அவள் வருமுன்பே, 'தகப்பனாரின் தொழிலில் உதவி' என்று ஒரு பொய்யை நான் தயாராக வைத்திருந்தேன். அடுத்த ஆண்டின் முந்நூற்று அறுபத்தைந்து நாளையும் அடுக்கிக் கட்டியவள், தன் நாலு மாதத்தை வைக்க இடம் தெரியாமல் நின்றதைப் பார்த்தபோது அதை எழுதக் கை வரவில்லை. தீர்ப்பின் தேதி, ஆலை மூடிய செய்தி, குழுவின் கணக்கு என மூன்றே வரி எழுதினேன். படித்தவள், "இவ்வளவுதானா?" என்றாள். எழுத்தாளனுக்கு அது பெரிய அவமானம்.

போகும்போது வாசலில் நின்று கேட்டாள்: "2020 ஊரடங்கிலும் இரண்டு மாசம் வேலை இல்லையே, மாமா? அதுக்கும் எழுதணுமா?"

"வேண்டாம். கேட்கிறவரும் அப்போது வீட்டில்தான் இருந்திருப்பார்."