பீனிக்ஸ் வானில் தோன்றிய விளக்குகள்

அமெரிக்காவின் தென்மேற்கே, சொனோரன் பாலைவனத்தில் அமைந்த மாநகரம் பீனிக்ஸ்; அரிசோனா மாநிலத்தின் தலைநகர். கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கு வழக்கம். முற்காலத்தில் ஹோஹோகாம் என்னும் பூர்வகுடியினர் சால்ட் ஆற்றிலிருந்து கால்வாய்கள் வெட்டி இப்பாலையில் பயிர் செய்தனர். அழிந்துபோன அந்தக் குடியிருப்பின் தடத்தில் புதிய ஊர் எழுந்ததால், சாம்பலிலிருந்து உயிர்த்தெழும் கற்பனைப் பறவையின் பெயரை அதற்குச் சூட்டினர்.

நகரினுள் படுத்திருக்கும் ஒட்டகத்தைப் போன்று காட்சி தருவது கேமல்பேக் மலை. தென்மேற்கே நீண்டு கிடப்பது எஸ்ட்ரெல்லா மலைத்தொடர். ஸ்பானிய மொழியில் எஸ்ட்ரெல்லா என்றால் நட்சத்திரம். ஆண்டின் பெரும்பகுதி மேகமற்ற வானம் இந்நகருக்கு வாய்த்த அருட்கொடை.

1997ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் இரவு. ஹேல்–பாப் வால்நட்சத்திரம் வெறுங்கண்ணுக்கே புலப்பட்ட காலம் அது. அதனைக் காணப் பலர் வீட்டு முற்றங்களில் நின்றிருந்தனர். இஷா வேளை கடந்து, மணி எட்டரையை நெருங்கியபோது, வடமேற்கிலிருந்து சில விளக்குகள் ஆப்பு வடிவில் அணிவகுத்து வந்தன. ஓசையின்றி, மெதுவாக, நகரின் மேலே கடந்து தெற்கே டூசான் நகரை நோக்கிச் சென்றன. விளக்குகளுக்கு இடையே இருண்ட பெரும் உருவம் ஒன்று விண்மீன்களை மறைத்ததாகச் சிலர் சொன்னார்கள். பின்னர் பத்து மணியளவில், எஸ்ட்ரெல்லா மலைப்பக்கம் ஒளிப்பந்துகள் வரிசையாகத் தோன்றி, அந்தரத்தில் நின்று, ஒவ்வொன்றாக அணைந்தன. ஒளிப்படக் கருவிகள் அதனைப் பதிவு செய்தன.

நகரமன்ற உறுப்பினர் பிரான்சிஸ் பார்வுட் விசாரணை வேண்டுமென்று கேட்டார். அவருக்குக் கிடைத்தது ஏளனமே. ஜூன் மாதம் ஆளுநர் பைஃப் சைமிங்டன் செய்தியாளர்களைக் கூட்டி, வேற்றுக்கிரக வாசியாக வேடமிட்ட தம் உதவியாளரைக் கைவிலங்குடன் கொண்டுவந்து நிறுத்தினார். அவை சிரித்தது, கண்டவர்கள் மனம் புண்பட்டது.

சில மாதங்கள் சென்றபின் ஒரு விடை வந்தது. டூசானிலுள்ள டேவிஸ்–மாந்தன் விமானத்தளத்தில் பயிற்சிக்கு வந்திருந்த மேரிலாந்து வான்படைப் பிரிவினர், அன்றிரவு கோல்ட்வாட்டர் பயிற்சிக் களத்தின்மேல் ஒளிக்குண்டுகளை எறிந்திருந்தனர். இவை பாராசூட்டில் தொங்கியபடி சில நிமிடங்கள் எரிபவை. எரியும் வெப்பம் மேலெழுந்து பாராசூட்டைத் தாங்குவதால், அசையாது நிற்பனபோல் தோன்றும். தொலைவிலிருந்த அவை மலைமுகட்டின் பின்னே இறங்கியபோது, நகரத்தார் கண்ணுக்கு அணைந்தனவாகத் தெரிந்தன.

முதலில் வந்த ஆப்பு வடிவ அணியோ வேறு நிகழ்ச்சி. தொலைநோக்கியின் வழியே பார்த்த ஓர் இளைஞர், அவை தனித்தனி விமானங்கள் என்றார். மிக உயரத்தில் பறக்கும் விமானங்களின் ஓசை தரையில் கேட்காமலும் போகலாம். வேகமும் குறைவாகத் தோன்றும். இருளில் தெரியும் சில புள்ளிகளை ஒரே உருவமாக இணைத்துக் காண்பது மனிதக் கண்ணின் இயல்பு. ஆயினும் அவை எவருடைய விமானங்கள் என்று அந்நாளில் மக்களுக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை.

பத்தாண்டுகள் கழிந்து, 2007இல், சைமிங்டன் ஒரு செய்தியை வெளியிட்டார். அன்றிரவு அந்த ஆப்பு வடிவத்தைத் தாமும் கண்டதாகவும், அது இவ்வுலகைச் சேர்ந்ததாகத் தோன்றவில்லை என்றும் கூறினார். கண்டதை உள்ளத்தில் மறைத்துக்கொண்டு, கண்டவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்! மேன்மைமிகு பதவியில் இருப்பவருக்கும் ஊரார் நகைப்பு அத்துணை அச்சம் தருகிறது.

பீனிக்ஸ் மக்கள் பொய் சொல்லவில்லை. விளக்குகள் உண்மையாகவே வானில் இருந்தன. கண்ட காட்சி வேறு, அதற்கு நாம் சூட்டும் பொருள் வேறு. பொருள் தவறாகலாம், அதற்காகக் கண்டவரைப் பொய்யராக்குதல் நீதியன்று. தக்க விடை உடனே கிடைத்திருந்தால் வதந்திக்கு இடமிருந்திராது. கேலியால் மூடப்பட்ட கேள்வியோ ஆண்டுகள் பல கடந்தும் ஆறவில்லை.

நம் இல்லங்களிலும் குழந்தை ஒன்று ஓடிவந்து, "வானத்தில் ஏதோ கண்டேன்" என்று சொல்லக்கூடும். சிரிக்க வேண்டாம். கைப்பிடித்து முற்றத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். எந்தத் திசை, எத்தனை நேரம், ஓசை உண்டா என்று பரிவோடு கேளுங்கள். அறிவு அங்கிருந்துதான் தொடங்குகிறது.