ஷட்டருக்குக் கீழே ஒரு விரல் சந்து

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகிற சாலையில், எங்கள் திருப்பாலைவனத்தைத் தாண்டிக் குப்பங்கள் வரைக்கும், புதிதாக எழும்புகிற வீடுகளில் முன்பக்கம் ஒரு ஷட்டர் அறை வைப்பது வழக்கமாகிவிட்டது. பெயர் கார் ஷெட். கார் இருப்பது அபூர்வம். பைக், படகு இன்ஜின், மூட்டை மூட்டையாக வலை, ஐஸ் பெட்டி, இன்வெர்ட்டர், கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய அண்டா என்று வீட்டுச் சொத்தில் பாதி அங்கேதான் கிடக்கிறது.

இந்த ஷட்டர் வந்தபோது நாம் வாசற்படியைத் தொலைத்தோம். பழைய வீட்டில் நிலைக்குக் கீழே, கால் தடுக்கும் உயரத்தில் ஒரு படி இருக்கும். அதன்மேல் உட்காராதே, மிதிக்காதே, அங்கே நின்று எதையும் கொடுக்காதே வாங்காதே என்று எங்கள் ஆயா போட்ட சட்டங்கள் கொஞ்சநஞ்சமல்ல. வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வேறு. மகாலட்சுமி வருகிற வழி என்பது ஒரு பக்கம். சாரலையும் மணலையும் பூரானையும் பாம்பையும் வெளியில் நிறுத்தியதும் அந்தப் படிதான். பைக் ஏற வேண்டும், இன்ஜினை உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்றதும் படியை எடுத்துவிட்டுத் தரையைச் சமமாக்கினோம். படி செய்த வேலையை இப்போது செய்வது ஷட்டரின் அடித்தகட்டில் ஓடுகிற கறுப்பு ரப்பர் பட்டை. அதற்கு மஞ்சளும் கிடையாது, குங்குமமும் கிடையாது. கிழிந்து தொங்கினால்கூட யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஷட்டருக்கு மட்டும் பொங்கல் வந்தால் பெயின்ட்.

ஒரு விரல் சந்துதானே என்பார்கள். சுண்டெலி நுழைய ஆறு மில்லிமீட்டர் இடம் போதும். மீன் வாடை ஏறிய வலையில் எலி வாய் வைத்தால் அந்தக் கிழிசலைப் பின்ன எவ்வளவு கூலி போகும் என்று கடலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எலி வந்த வழியில் பாம்பும் வரும். மழைக்காலத்தில் மேடு தேடி அலைகிற பாம்புக்கு வலை மூட்டையைவிடச் சுகமான படுக்கை எது? இவை கண்ணுக்குத் தெரிகிற விருந்தாளிகள். தெரியாத விருந்தாளி உப்பு. சந்து வழியாக மணலோடு வந்து தரையில் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, ஷட்டரின் அடித்தகட்டை உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே தகடு அப்பளமாய் உதிரும்.

ரப்பரிலும் ஜாதி உண்டு. இயற்கை ரப்பரை வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் வெடிக்க வைக்கும். வளைத்துப் பார்த்தால் குறுக்கே கோடு கோடாகப் பிளவு தெரியும். ஈபிடிஎம் என்கிற வகை வெயிலைத் தாங்கும், ஆனால் பெட்ரோலும் டீசலும் ஆயிலும் பட்டால் ஊதிக் கொழகொழத்துப் போகும். நைட்ரைல் எண்ணெயைத் தாங்கும், வெயில் ஆகாது. ஆகவே வெயிலில் நிற்கிற ஷட்டருக்கு ஈபிடிஎம் வாங்கி, ஆயில் கேனைக் கதவோரத்திலிருந்து தள்ளி வையுங்கள். தாங்காத இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, தாங்கவில்லை என்று குறை சொல்வதை மருமகள்கள் விஷயத்திலும் நிறையப் பார்த்துவிட்டேன்.

பட்டை வாங்க ஓடுவதற்கு முன்னால் சந்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பட்டப்பகலில் உள்ளே நின்று ஷட்டரை இறக்கினால் வெளிச்சமே சொல்லிவிடும். அதைவிடத் துல்லியமான வழி சாக்பீஸ். ஷட்டர் உட்காருகிற இடத்தில் தரை நெடுக அழுத்தமாக ஒரு கோடு இழுத்து, ஷட்டரை மெல்ல இறக்கித் தூக்கிவிட்டு, ரப்பரின் அடியைப் பாருங்கள். எங்கெல்லாம் வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் தரையைத் தொடுகிறது. ஒட்டாத இடம்தான் சந்து. எங்கள் வீட்டு ஷட்டரில் இரண்டு ஓரமும் வெள்ளையாக இருந்தது, நடுவில் ஒரு முழத்துக்குக் கறுப்பு. ரப்பர்மேல் தப்பே இல்லை. பைக் ஏறி இறங்கி நடுத்தரை குழிந்திருந்தது.

பழுது பார்க்க வந்த பையன் கெட்டிக்காரன்தான், கொஞ்சம் அவசரக்காரன். “பெரியவரே, தடி ரப்பரா போட்டுட்டா நடுவுல அடைச்சுக்கும்” என்றான்.

“தடியா போட்டா ரெண்டு ஓரமும் தூக்கிக்குமேப்பா. முதல்ல குழியைப் பூசு.”

பூசினான், வெளிப்பக்கம் லேசாகச் சரிவு விட்டு. அந்தச் சரிவு இல்லாவிட்டால் எந்த ரப்பரும் உதவாது. வீசுகிற மழையைத்தான் ரப்பர் தடுக்கும், வாசலில் தேங்கி நிற்கிற தண்ணீரை அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையை இந்தப் பக்கம் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும்.

மாட்டுகிற வேலை பெரிய வித்தையில்லை. துருப்பிடித்த திருகுக்கு முதல் நாள் ராத்திரியே மண்ணெண்ணெய் விட்டு வைக்க வேண்டும். பழைய பட்டையை உருவியதும் காடியில் இருக்கிற மண்ணையும் உப்பையும் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, தகட்டுக்கு ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிட வேண்டும். புதுப் பட்டை காடியில் வழுக்கிக்கொண்டு போகச் சோப்புத் தண்ணீர் போதும், எண்ணெய் கூடாது. முக்கியமானது இனிமேல்தான்: இழுக்காதீர்கள். இழுத்துப் பிடித்துத் திருகினால் அன்றைக்கு அளவு சரியாக இருக்கும். நாளாக ஆகச் சுருங்கி, இரண்டு மூலையிலும் சந்து விழும். எலிக்கு வேண்டியது அந்த மூலைதான். இரண்டு பக்கமும் விரலளவு கூடுதலாக விட்டு, ஒரு ராத்திரி கிடக்கவிட்டு, பிறகு நறுக்குங்கள். ரப்பர் தரையில் பட்டு லேசாக மடங்க வேண்டும், நசுங்கக் கூடாது. நசுங்கியே கிடந்தால் நிமிர்கிற குணம் போய்விடும். திருகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். அதிலும் 304-ஐவிட 316 கடற்காற்றுக்கு நல்லது, மாலிப்டினம் கலந்தது. கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்பார். ஒன்றல்ல.

நிமிர்கிற குணம் என்றேனே, அது போனதால் ஏழு பேர் செத்திருக்கிறார்கள். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73-ஆவது விநாடியில் சிதறியது. பூஸ்டர் ராக்கெட்டின் துண்டுகளை இணைக்கிற இடத்தில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, சந்தை அடைக்காமல் விட்டுவிட்டது. குளிர் ஆகாது என்று முந்தின ராத்திரி இன்ஜினியர்கள் சொல்லிப் பார்த்தார்கள், மேலிடம் கேட்கவில்லை. விசாரணையில் ஃபெயின்மன் என்ற இயற்பியல் அறிஞர் அதே வகை ரப்பர்த் துண்டைக் கிடுக்கியில் நசுக்கி ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்து, அது நிமிரவில்லை என்று எல்லார் கண் முன்னாலும் காட்டினார். அவ்வளவு தூரம் போவானேன்? பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம், நம் ஸ்ரீஹரிகோட்டாவில், 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 முதல் தடவை கிளம்பியபோது, மூடவேண்டிய ஒரு வால்வு திறந்தபடியே நின்றுவிட்டது. இரண்டாம் கட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்கான நைட்ரிக் அமிலம் அதன் வழியே ஒழுகிப்போக, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்டத்தின் தலைவராக இருந்தவர் அப்துல் கலாம். சரிசெய்து 1980 ஜூலை 18 அன்று மறுபடி விட்டார்கள், ரோகிணி செயற்கைக்கோள் மேலே போய்ச் சேர்ந்தது.

இவ்வளவும் கேட்டுவிட்டுச் சிலர் எல்லாச் சந்தையும் சிலிகானால் பூசிவிடுகிறார்கள். அதுதான் எனக்கு அதிகப் பயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படுக்கும். கீழே இறுக்கி அடைத்த அறையில் பெட்ரோல் கேனை வைத்தால் அது வெளியேற வழியின்றித் தேங்கும், ஒரு சுவிட்ச்சின் பொறி போதும். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது வருகிற ஹைட்ரஜன் லேசு, மேலே போய்க் கூரையடியில் நிற்கும். அதனால் பெட்ரோல் கேனை வெளியே நிழலில் வையுங்கள். பக்கச் சுவரில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு காற்றுத் துளை விட்டு, எலி நுழையாத இரும்பு வலை அடியுங்கள். ஈரமும் அதில்தான் வெளியேறும். இல்லாவிட்டால் நனைந்த வலை புழுங்கி நாறும்.

எதை அடைப்பது, எதை விடுவது என்று தெரிவதற்கு எனக்கு வயசு ஆக வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் ஒருவர் வட்டிக் கடனை வீட்டில் மூச்சுவிடாமல் வைத்திருந்தார். குடும்ப மானம் வெளியே போகக் கூடாதாம். வெளியே போகாதது சரி, பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாமல் வைத்ததுதான் வினை. கடன்காரன் வாசலில் வந்து நின்ற நாளில் அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “என் நகை இருக்கே, எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?” ஊருக்கு அடைக்க வேண்டியதை வீட்டுக்குள்ளும் அடைத்துவிட்டார் மனுஷன். அதே ஆள் சாராயக் கடைச் சிநேகிதத்துக்கு மட்டும் கதவை அகலத் திறந்து வைத்திருந்தார்.

குப்பத்து ஆட்களுக்கு இதை ஏரியை வைத்துச் சொன்னால் உடனே புரியும். ஆரணியாறும் காளங்கியாறும் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீருக்குக் கடலுக்குப் போக முகத்துவாரம் வேண்டும். கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வருவதற்கும் அதே வாய்தான். அலை மணலைக் கொண்டுவந்து அதை மூடிக்கொண்டே இருக்கும். தூர்வாருங்கள், திறந்து வையுங்கள் என்று மீனவர்கள் எத்தனையோ காலமாக மனு கொடுத்து வந்திருக்கிறார்கள். தன் வீட்டு ஷட்டரை அடைக்க ரப்பர் வாங்குகிற அதே ஆள்தான் ஏரியின் வாயைத் திறக்கச் சொல்லி மறியலுக்கும் போயிருக்கிறான். இரண்டும் அவன் பிழைப்புக்குத் தேவை.

ரப்பரை ஆவணியிலேயே வாங்கி, புரட்டாசி வெயில் இருக்கும்போதே மாட்டிவிடுங்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் பூச்சும் காயாது, ரெட் ஆக்சைடும் ஒட்டாது, அந்தப் பையனும் போனை எடுக்க மாட்டான்.