தோடியோடு ஒரு வருஷம்

போன பொங்கலிலிருந்து இந்தப் பொங்கல் வரை நானாக உட்கார்ந்து கேட்டதெல்லாம் தோடி ராகம் மட்டும். கோயில் ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டு டிவி, டவுன் பஸ் என்று ஊரே பாடிக்கொண்டுதான் இருக்கிறது. அதெல்லாம் கணக்கில் இல்லை.

இப்படி ஒரு விரதம் எடுக்கக் காரணம் கைப்பேசிதான். பேத்தி அதில் யூடியூபைப் பழக்கிவிட்டாள். வாலிபத்தில் ஒரு கச்சேரிக்காகக் கும்பகோணத்திலிருந்து திருவையாறு போய், திரும்ப பஸ் இல்லாமல் விடியும்வரை கடை வாசலில் உட்கார்ந்திருந்தவன் நான். இப்போது அரியக்குடியும் மதுரை மணியும் என் சட்டைப்பையில் இருக்கிறார்கள். இருந்து என்ன? ஆலாபனை சூடுபிடிப்பதற்குள் கீழே இன்னொரு படம் வந்து நிற்கிறது, விரல் அங்கே ஓடுகிறது. கிடைக்காத காலத்தில் முழுசாகக் கேட்டோம். கொட்டிக் கிடக்கும் காலத்தில் நுனியைக் கிள்ளிப் போடுகிறோம்.

தோடியை எடுத்ததற்கு ஒரு கதையும் காரணம். தஞ்சாவூர் அரண்மனையில் சீதாராமையா என்று ஒரு வித்வான் இருந்தார். தோடி பாடியே ‘தோடி சீதாராமையா’ ஆனவர். பணமுடை வந்தபோது அடகு வைக்க வேறொன்றும் இல்லாமல் தோடியையே அடகு வைத்தாராம். கடன் அடையும்வரை அதைப் பாடக்கூடாது என்று ஒப்பந்தம். பாடச் சொன்ன ராஜா விஷயம் தெரிந்து, கடனைக் கட்டி ராகத்தை மீட்டார் என்று சொல்வார்கள். கதை எவ்வளவு நிஜமோ! வித்வானைவிட, கடன் கொடுத்தவரை நினைத்தால்தான் எனக்கு ஆச்சரியம். ஒரு ராகத்துக்கு மதிப்புப் போடத் தெரிந்தவர் வட்டிக்கடையில் இருந்திருக்கிறார்.

தொடங்கியது நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையில். 1956-இல் அவர் மறைந்தபோது நான் சின்னப் பிள்ளை. அப்பா கேட்டிருக்கிறார், சொல்லிச் சொல்லி எங்களைப் பொறாமைப்பட வைத்திருக்கிறார். எனக்குக் கிடைத்தது ஒலிப்பதிவுதான். அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். சுவாமி புறப்பாட்டில் இரவெல்லாம் வாசித்தாலும் தீராது என்று பேர் வாங்கிய தோடியை அந்த மூன்று நிமிஷத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார். ஓர் இடத்திலாவது அவசரம் தெரிய வேண்டுமே!

“தாத்தா, நேத்து போட்டதையே இன்னிக்கும் போடறீங்களே?” என்றாள் பேத்தி.

“நேத்து வேற ஆளும்மா.”

“ஆள் வேற, பாட்டு அதேதானே?”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆடி மாசம் எனக்கே சலித்துவிட்டது. எந்த வித்வான் எடுத்தாலும் அடுத்து எங்கே போவார் என்று தெரிந்தது. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். விடாமல் உட்கார்ந்ததில் காந்தாரம் பிடிபட்டது. தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்காது. ரிஷபத்துப் பக்கம் இறங்கும், மத்யமத்தை எட்டிப் பார்க்கும், அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவை நிறுத்தி ஸ்வரங்களை நேராகப் பிடித்துவிட்டால் தோடி போய் சிந்துபைரவி சாயல் வந்துவிடும். நம் தோடியின் அதே ஏழு ஸ்வரங்கள்தான் வடக்கே பைரவிக்கு. அவர்கள் தோடி என்று பாடுவது நமக்குச் சுபபந்துவராளி. ஆக, ராகம் ஸ்வரத்தில் மட்டும் இல்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் இருக்கிறது. எம்.டி. ராமநாதன் கனத்த குரலில் நிதானமாகப் போகும்போது அந்த வழி முழுக்கத் தெரிகிறது. வேகமாகப் பாடுகிறவர்களிடம் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்குள் பேத்தியும் கெட்டிக்காரியாகிவிட்டாள். 1989-இல் வந்த ‘வருஷம் 16’ படத்தில் இளையராஜா ஜேசுதாஸைப் பாடவைத்த பாட்டை டிவியில் கேட்டு, “இது உங்க தோடிதானே?” என்றாள். அன்றைக்கு அவளுக்கு என் கணக்கில் ஒரு அசோகா அல்வா.

ஆவணியில் ஒரு கல்யாணம். நாயனக்காரர் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். வாத்தியத்தில் கட்டித் தொங்கும் சீவாளிகளில் ஒன்றை எடுத்தார், உதட்டில் வைத்து ஈரமாக்கினார், இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார், திருப்தியில்லாமல் வேறொன்றை மாட்டினார். பந்தியில் சாம்பார் போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் எடுத்தது தோடி! பஞ்சமத்தைத் தொடாமல் ஒரு பிடி பிடித்து மேலே போனார், தவில்காரர் மட்டும் தலையை ஆட்டினார். அந்த ஒரு தலையசைப்பு அவருக்குப் போதுமாக இருந்தது போலும், அரை மணிக்கு மேல் வாசித்தார். பக்கத்து ஊரான நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தில் செய்த நாயனமாம். எழுபதைத் தாண்டிய என் காதுக்குத் தம்பூராவின் மெல்லிய ரீங்காரம் இப்போது சரியாக எட்டுவதில்லை. நாயனத்துக்கு அந்தக் குறையே இல்லை.

வீட்டிலும் ஒரு தோடி இருக்கிறது. 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தை அடித்த புயலில் என் மனைவி அங்கே தாய்வீட்டில் இருந்தவள். ஐப்பசி மழை பிடித்தால் அந்தக் கதை வரும். பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள், நான் பேப்பரை விரித்துக்கொள்வேன். இந்த ஐப்பசியில் பேப்பரை மடித்து வைத்தேன். வழக்கமாக ஓடுகள் பறந்ததைத்தான் நீட்டிச் சொல்வாள். இந்தத் தடவை அதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். அவள் அம்மா ராத்திரி முழுக்க முறத்தைக் கவிழ்த்து அடுப்பு நெருப்பை மழையிலிருந்து காத்த இடத்தில் நின்றுவிட்டாள். அந்தக் கதையில் அடுப்பு இருந்ததே எனக்கு அதுவரை தெரியாது. அம்மாவுக்கு அப்போது என்ன வயது என்று கேட்டேன். “இப்ப நம்ம மூத்தவளுக்கு என்ன வயசோ, அதேதான்” என்றாள்.

பெரியவர்கள் சொன்னதையே சொல்கிறார்கள் என்று இளையவர்கள் அலுத்துக்கொள்வது எனக்குப் புரிகிறது. என் அப்பாவின் ராஜரத்தினம் பிள்ளை கதைகளுக்கு நாங்களும் கொட்டாவி விட்டவர்கள்தான். கதை தெரிந்ததாகவே இருக்கட்டும். சொல்கிறவர் இந்தத் தடவை எந்த இடத்தில் நிற்கிறார், எதை வேகமாகத் தாண்டிப் போகிறார் என்று கவனித்தால், அவர் மனசில் இன்றைக்கு என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அதை நேராகக் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

வருகிற வருஷத்துக்கு நான் பேகடா என்று முடிவு செய்திருந்தேன். காலையில் காப்பி கொடுக்கும்போது, இனி இந்த வீட்டில் சஹானா என்று மனைவி சொல்லிவிட்டாள். பேத்தியும் அவள் கட்சி.